ஆறு மணிக் கீச்சு

காதுக் கருவி வாங்கிய மறுநாள், காலையில் எழுந்து அதை மாட்டியதும் அந்தக் கீச்சு கேட்டது. கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அவர் முடிவு செய்துவிட்டார்: எங்கோ பேரிங் காய்ந்திருக்கிறது.

நூற்பாலையில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டர். ஓடுகிற இயந்திரத்தில் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால் போதும், எந்த பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதைத்தான் ஆலை மெல்ல மெல்லத் தின்றது.

மின்விசிறிக்கு எண்ணெய் விட்டார். கேட்டின் கீலுக்கு விட்டார். தண்ணீர் மோட்டாருக்கு விட்டார். நாலாம் நாள் மாடி வீட்டு வாத்தியாரிடம் போய், வாஷிங் மெஷினைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"அது ஓடியே ஆறு மாசம் ஆச்சு சார்," என்றார் வாத்தியார்.

மனைவியிடம் கேட்டார். "காலையில ஏதாவது மெஷின் சத்தம் கேக்குதா உனக்கு?"

"மெஷினா? இல்லையே."

அவளுக்குக் கேட்கவில்லை என்றால் பழுது கருவியில்தான். கடைக்குப் போனார். கருவியைப் பொருத்தித் தந்த பெண் அதைக் கணினியோடு இணைத்துப் பார்த்தாள். பழுது ஒன்றும் இல்லை.

"கீச்சுன்னு வர்ற சத்தத்தை மட்டும் குறைக்கலாம். ஆனா பேச்சுலயும் கொஞ்சம் போயிடும் சார்."

"போகட்டும்மா. எங்க வீட்டுப் பேச்சுல கொஞ்சம் போனா நல்லதுதான்."

அவள் சிரித்தாள். குறைத்துக் கொடுத்தாள். கீச்சு போயிற்று.

அன்று மாலை மனைவி அவளுடைய அக்கா வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தைகள் முனை மழுங்கி வந்தன. அவர் தலையாட்டினார். பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்தத் தலையாட்டல் அவளுக்குத் தெரியும். காது மந்தமான பன்னிரண்டு வருஷமும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் ஆட்டியிருக்கிறார். ஒருமுறை, "அடுப்படி தீப்பிடிச்சு எரியுது," என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் ஆட்டினார். அதன் பிறகு அவள் தேவைக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டாள். கருவி வந்த இந்த நாலு நாளாகத்தான் ஓயாமல் பேசினாள்.

இப்போது எழுந்து, விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். சாப்பிட வாங்க. பழைய சாடை. அவர் அந்தக் கையையே பார்த்தார்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் அவள் துணி உலர்த்தினாள். அவர் தொட்டி மூடியைத் திறந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே கறுத்த சின்னப் பறவைகள் ஒரு கூட்டமாக வளைந்து போயின. அவள் முகத்தைச் சுளித்து, தோளால் காதை மூடிக்கொண்டாள்.

"என்ன?" என்றார்.

அவள் பக்கத்தில் வந்து கத்தினாள். "இந்தக் குருவிங்க கத்துறது. காதைக் குடையுது. தினம் ஆறு மணிக்கு இதே கூத்து. இன்னைக்கு நேத்தா, வருஷக்கணக்கா."

"நேத்து நான் கேட்டேன். இல்லன்னியே?"

"மெஷின் சத்தம் கேக்குதான்னு கேட்டீங்க. குருவியைக் கேட்டீங்களா?"

அவர் மூடியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். கூட்டம் திரும்பி வந்தது. அந்த வேகத்தில் ஆட்டம் இல்லாமல் திரும்புகிற எதையும் அவர் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் பிரிந்து, வேகம் குறையாமல், சன்ஷேடுக்கு அடியில் இருந்த இடுக்கில் புகுந்து மறைந்தது. எல்லாம் ஊமைப் படம் போல நடந்தது.

அன்றே கடைக்குப் போனார்.

"கீச்சு திரும்ப வருமே சார்."

"வரணும்மா."

"பேச்சு போனா நல்லதுன்னீங்க."

"நேத்து நான் எதைத்தான் சரியாச் சொன்னேன்?"

எண்ணெய் விட்ட கதையைச் சொன்னார். இறக்கை எப்படி வளைந்திருக்கும் என்று கையால் காட்டினார். அவள் கைபேசியில் தேடிப் படத்தைக் காட்டினாள். உழவாரன். புல் செதுக்குகிற உழவாரம் போல இறக்கை, அதனால் அந்தப் பெயர். ஒரு கருவியின் பெயரைப் பறவைக்கு வைத்தது அவருக்கு நியாயமாகப் பட்டது.

ஒரு நோட்டு போட்டார். தேதி, நேரம், எண்ணிக்கை, எந்த இடுக்கு. ஆலையில் ஷிப்ட் புத்தகத்துக்குப் போட்ட அதே கட்டம். காலையில் மொட்டைமாடியில் பாயை விரித்து மல்லாந்து படுத்துவிடுவார். "குருவிக்கு எண்ணெய் விட்டாச்சா சார்?" என்று வாத்தியார் கேட்டுவிட்டுப் போவார்.

பத்து நாள் கழித்து மனைவி மேலே வந்தாள். துணியைப் பிழிந்தபடி, அன்று பாதியில் விட்ட அக்கா கதையை எடுத்தாள். நாலு வாக்கியம் போனது. அவர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள். கூட்டம் கீச்சிட்டுக்கொண்டு கடந்தது. ஒன்பது என்று எழுதினார்.

நிமிர்ந்தபோது அவள் முகம் இறுகியிருந்தது.

"ம், சொல்லு."

"நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

"உங்கக்கா கோவிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டா. குடையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தா. வந்தவ யார்கிட்டயும் பேசாம நேரா உள்ள போய் உக்காந்துட்டா." மேலே கை காட்டினார். "அதுக்குள்ள இதுங்க வந்துடுச்சு."

அவள் ஈரத்துணியை வாளியிலேயே போட்டாள். பாயின் ஓரத்தை இழுத்து உட்கார்ந்தாள்.

"குடைக்காக ஒண்ணும் அவ திரும்பி வரல," என்று ஆரம்பித்தாள்.