நின்றுபோன படத்தில் அக்காவின் கை

1

என் போனில் லைவாக ஓடிக்கொண்டிருந்த சர்ச் ஆராதனைப் படம் நடுவில் நின்றுபோனது. இந்தக் கதை வந்தது அதனால்தான். நிற்காமல் ஓடியிருந்தால் பார்த்து முடித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பேன். உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்.

ஊரிலிருந்து ரொம்ப தூரத்தில், ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் வேலை செய்கிறேன். சூடாக வெளியே வரும் பெட்ஷீட்டை இரண்டு பேர் எதிரெதிராக நின்று முனைகளைப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மடிக்க வேண்டும். தனியாக மடித்தால் கோணிப்போகும். என்னோடு மடிக்கிறவன் எங்கள் ஊர்க்காரன்தான். அவனைப் பற்றிப் பிறகு.

எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்து நானாகப் பழகினேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருக்கும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"தான் ஏற்காத ஒரு தலைவரின் முன்னால் ஒரு கிறிஸ்தவன் எப்படி நிற்க வேண்டும் என்ற கேள்வி காலங்காலமாக நம்மை—"

நம்மை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அக்கா படித்தால், "யாருடா இந்தப் பெரிய மனுஷன், நம்ம வீட்டுக்குள்ள?" என்று கேட்பாள்.

அடுத்த ஆரம்பம்:

"அவள் கை நடுங்கியது. தலைவரின் கை—"

இதையும் விட்டுவிட்டேன். அக்காவின் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அது பிரசவம் பார்க்கிற கை.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தெரியாத இடம் வரும்போது தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

3

அக்கா அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். அந்த வார்டை மூட உத்தரவு போட்டவர் எங்கள் தொகுதித் தலைவர். (பெயர் வேண்டாம். ஓட்டுக் கேட்டு வரும்போது அவரே சொல்லிக்கொள்வார்.) இனிமேல் பிரசவத்துக்குப் பெரிய ஊருக்குப் போங்கள் என்றார்கள். பெரிய ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட் மூடியிருந்த ஒரு நாள், வேனுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அக்கா கூட இருந்தாள். குழந்தை அழவில்லை.

(இங்கே இன்னும் சில வரிகள் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த வேனில் நான் இல்லை. அக்கா அதைப் பற்றி என்னிடம் சொன்னதே "அழலடா" என்ற ஒரு வார்த்தைதான்.)

அக்கா மற்ற நர்ஸ்களோடு தலைவரின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். மனு கொடுத்தாள். உள்ளே விடவில்லை என்றதும் வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அதே அக்கா, தினமும் ஜெபத்தில் அவர் பேரைச் சொல்லி ஜெபித்தாள். போனில் அந்த ஜெபத்துக்கு என்னையும் இழுத்துப்போட்டுக்கொள்வாள்.

"ஆண்டவரே, அவருக்கு முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன். அதுக்கு சுகம் குடும். மனசுல கொஞ்சம் வெட்கத்தையும் குடும்."

"அந்த ஆளுக்குப் போய் எதுக்குக்கா ஜெபம்? அவன்லாம்—"

"அவன் இவன்னு பேசாத. ஓட்டுப் போடலன்னா மரியாதையும் குடுக்கக் கூடாதா?"

"அப்புறம் எதுக்கு வாசல்ல போய் உக்காந்த?"

"ஜெபமும் பண்றேன், மனுவும் குடுக்கறேன். நீ கண்ண மூடு, ஆமென் சொல்ல வேண்டிய இடம் வருது."

நான் ஆமென் சொல்லியிருக்கிறேன். மனசார இல்லை.

4

இனி, என்னோடு பெட்ஷீட் மடிக்கிறவன்.

அவனைக் கட்சி என்றுதான் கூப்பிடுவேன். எதைப் பேசினாலும் "எங்க கட்சில" என்று ஆரம்பிப்பான். எங்கள் அறையில் அவன் கட்டிலுக்கு மேலே தலைவரின் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. எனக்கு இளையவன். என்னை அண்ணே என்பான். ஊரில் எங்கள் சர்ச்சிலேயே கொயரில் பாடியவன்.

இந்த ஊரில் நான் தமிழ் பேச அவன் ஒருத்தன்தான் இருக்கிறான். இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சர்ச் ஆராதனை லைவாக வரும். அங்கே காலை, இங்கே மதியம். ஒரே போனைச் சுவரில் சாய்த்து வைத்து ரெண்டு பேரும் பார்ப்போம். பாட்டு வந்தால் அவன் கூடவே பாடுவான். "ஒருவருக்கொருவர் சமாதானத்தோடே கை கொடுங்கள்" என்று பாஸ்டர் சொன்னதும், ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் கை நீட்டி, "சமாதானம்ணே. இன்னைக்குப் பாத்திரம் உங்க முறை" என்பான்.

வேனில் நடந்தது தெரிந்த அன்று சண்டை வந்தது.

"டாக்டர் கிடைக்கலன்னு வார்டை மூடினாங்கண்ணே. அவரு என்ன பண்ணுவாரு?"

"டாக்டரைக் கொண்டு வர்றது யாரு வேலை? உன் வேலையா, என் வேலையா?"

"எங்க தெருவுக்குத் தண்ணி கொண்டு வந்தது யாரு? எங்கம்மா குடம் தூக்கித் தூக்கியே முதுகு வளைஞ்சு போனாங்க. அப்பல்லாம் உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?"

"ஒரு குழந்தை செத்துப்போச்சுடா."

"அது எனக்கு வலிக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

"அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டவன்கூட எனக்கென்ன பேச்சு?"

"சரி. பேச வேணாம்."

அவ்வளவுதான். அதிலிருந்து பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் அவனுக்கு, என் போன் எனக்கு. காதில் இயர்போன், முதுகுக்கு முதுகு. லாண்டரியில் மட்டும் வேறு வழியில்லை. மடித்துக்கொண்டே நடந்து வந்து, என் முனைகளை அவன் விரல்களில் கொடுக்க வேண்டும். நாள் பூராவும் எங்கள் கைகள் தொட்டுக்கொள்கின்றன. நாங்கள் பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

(ஒரு ஓரக் குறிப்பு: அவன் பாடுவதில்லை இப்போது. அறையில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்கிறது. முன்பும் சொட்டியிருக்கும்.)

5

அந்த ஞாயிறு.

தேர்தல் வருகிறதல்லவா, தலைவர் எங்கள் சர்ச்சுக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசை ஓரம் அக்காவுடைய இடம். முழங்காலை நீட்டிக்கொள்ள அங்கேதான் வசதி. (ஆமாம், அவளுக்கும் முழங்கால் வலிதான்.) காலியாக இருந்த அவள் பக்கத்து நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்தார். அக்கா எழுந்து போகவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

பிறகு பாஸ்டர் சொன்னார்: "ஒருவருக்கொருவர் சமாதானத்தோடே கை கொடுங்கள்."

எல்லாரும் எழுந்தார்கள். தலைவர் அக்கா பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அக்காவின் கை மடியிலிருந்து எழும்பி, வயிற்றுக்கு நேராக வந்தது.

படம் நின்றுவிட்டது.

போனைத் தட்டினேன், ஜன்னல் பக்கம் நீட்டினேன். மறுபடி ஓடியபோது எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வையா வேறு ஏதாவதா, என் போனில் தெரிகிற அளவுக்கு அவர் முகம் பெரிதில்லை.

6

அன்றைக்கே அந்த வீடியோவை பாஸ்டர் நீக்கிவிட்டார். ரெண்டு கட்சிக்காரர்களும் கை நீட்டிய இடத்தை மட்டும் வெட்டிப் பரப்பக் கேட்டார்களாம். "இது ஆராதனை பண்ற இடம், பிரச்சாரம் பண்ற இடமில்ல" என்று சொல்லி அழித்துவிட்டாராம்.

அக்காவுக்குப் பின்வரிசையில் இருந்த எதிர்வீட்டு அத்தைக்குப் போன் போட்டேன். அவர் தலைவர் பக்கம்.

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாப்பா. அவருக்குக் கண்ணே கலங்கிப்போச்சு."

அத்தைக்குப் பக்கத்திலேயே இருந்த மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் எதிர்ப்பக்கம்.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா தம்பி. நீட்டின கை நீட்டினபடி நின்னுது. சிங்கம்யா உங்கக்கா."

ஒரே வரிசை, அடுத்தடுத்த நாற்காலி. நான் என்ன செய்ய?

அக்காவையே கேட்டேன்.

"குடுத்தியா, இல்லையா?"

"சாப்பிட்டியா?"

"அக்கா."

"ஊர்ல எல்லாரும் கேட்டுட்டாங்க. யாருக்கும் சொல்லல."

"நான் உன் தம்பி."

"நீ எழுதுவ."

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். பார்க்கிறீர்கள் அல்லவா.

"சரி, அந்தப் பையன் எப்படி இருக்கான்? உன் ரூம்ல இருக்கறவன். அவன் பொண்ணு நான் பாத்த பிரசவம். கழுத்துல கொடி சுத்திப் பொறந்துச்சு."

"நாங்க பேசிக்கிறதில்ல."

"ஒரே ரூம்லயா?"

"ம்."

"ஏன்?"

"எல்லாம் உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

அவள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"எனக்கு அவரோட சண்டை இருக்கு. அத நான் போட்டுக்கறேன். வர்ற வாரம் மறுபடி மனு குடுக்கப் போறோம். உனக்கு அந்தப் பையனோட என்ன சண்டை?"

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. அக்கா கை கொடுக்கிறாள், கொடுத்த கையை விடவில்லை. "சமாதானம். வார்டை எப்ப தெறக்கறீங்க?" அவர் இழுக்கிறார், அவள் விடவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு. அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு, "உங்களுக்காக தினமும் ஜெபிக்கறேன். இத மட்டும் கேக்காதீங்க" என்கிறாள். இதை எழுதியபோது அழுதேன். அழுதது அக்காவுக்காகவா, எனக்காகவா என்று யோசித்ததும் நிறுத்திவிட்டேன்.

மூன்று. கும்பிடு போடுகிறாள். கொடுத்ததும் இல்லை, கொடுக்காததும் இல்லை. பயந்தவன் எழுதிய முடிவு.

ஏன் இப்படி அலைகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அக்கா அந்தக் கையையே தொட்டிருந்தால், கட்சியோடு பேசாமலிருக்க எனக்குச் சாக்கு இல்லை. தொடவில்லை என்றால் நான் இப்படியே இருந்துவிடலாம். அவளுடைய கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு என் கையை முடிவு செய்யப் பார்க்கிறேன். அவள் சொல்லாததும் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

8

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். கதைக்காக வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சொல்ல வெட்கமாக இருந்தது.

என் படம் நின்றபோது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்சி மெதுவாக, "ஆண்டவரே" என்றான்.

அவன் போன் புதுசு. அது நிற்காது. அக்கா செய்ததை அவன் பார்த்திருக்கிறான். அந்த "ஆண்டவரே" சந்தோஷத்திலா, வலியிலா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தோஷத்துக்கும் வலிக்கும் நாங்கள் அதே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறோம்.

அதாவது, இந்தக் கதையின் முடிவு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறது. கேட்க வேண்டுமானால் நான் முதலில் ஒரு வார்த்தை பேச வேண்டும். 'தம்பி' என்றால் போதும். அதைச் சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கும் ஞாயிறு. ஆராதனை ஓடிக்கொண்டிருக்கிறது. இதை எழுதிக்கொண்டே கேட்கிறேன். ஜெபத்தில் பாஸ்டர் தலைவரின் பேரைச் சொன்னார். அக்கா ஆமென் சொல்லியிருப்பாள். நானும் சொன்னேன், போனிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, வாய்விட்டு. பிறகு அவனும் இயர்போனைக் கழற்றியிருக்க வேண்டும். இப்போது அறையில் ரெண்டு பாஸ்டர் பேசுகிறார்கள். அவன் போன் முந்துகிறது, என்னுடையது பிந்துகிறது. ஒவ்வொரு வார்த்தையும் முதலில் அவனுக்கு வந்து, அப்புறம் எனக்கு வருகிறது.

அக்கா என்ன செய்தாள் என்று நான் கேட்கப் போவதில்லை. இதை இப்போதுதான், எழுதும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அவன் போனில் பாஸ்டர், "ஒருவருக்கொருவர் சமாதானத்தோடே" என்று சொல்லிவிட்டார். என் போன் இன்னும் அங்கே வரவில்லை. பின்னால் கட்டில் கிரீச்சிடுகிறது. அவன் புரண்டு படுக்கிறானா, எழுகிறானா, பார்க்கவில்லை. திரும்பினால் எழுத முடியாது. பேனா வலது கையில் இருக்கிறது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது இந்தக் கை