மூணாவது கியர்

கிபாயத்துல்லா தரையில் மண்டியிட்டு, இஞ்சின் நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். எண்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறத்தில் மேலெழுந்து வந்தன. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரிஜினல் பஞ்ச். யாரும் கை வெக்கல," என்றார்.

ஜெர்சன் போர்ட்டிகோ தூணில் சாய்ந்து நின்றிருந்தான். தூங்கி இரண்டு நாளாகிறது. பிற்பகல் மூன்று மணி வெயிலில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மெதுவாக அசைந்தன. இந்த மனிதரும் அசைந்தார். ஆனால் இவர் இதற்குமுன் வண்டியை வாங்க வந்தவர்களைப் போல இல்லை. வண்டியோடு ஒரு செல்ஃபிகூட எடுக்கவில்லை. வண்டலூர் பக்கம் ஷெட் போட்டு இப்படிப் பதினோரு வண்டி வைத்திருக்கிறாராம். அதுதான் ஜெர்சனுக்குப் பயமாக இருந்தது.

வண்டி 1942 மாடல் ஹார்லி மோட்டார் சைக்கிள். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போனது. ஜெர்சன் பிறப்பதற்கு முன்பே அப்பா வில்பிரட் அதைப் பல்லாவரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டுவந்து, நான்கு வருஷம் உட்கார்ந்து ஓட வைத்தார். ஜூலையில் டாக்டர் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்று இரவு அப்பா சொன்னார்:

"வண்டி ஒரு நல்ல கைக்குப் போயிட்டா என் வேலை முடிஞ்சுது. அப்புறம் நான் கெளம்பிடுவேன்."

ரயில் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். நல்ல கை எது என்பதற்கும் ஒரு சோதனை வைத்தார். யார் தன் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்கிறாரோ அவருக்குத்தான் வண்டி. பேரம் அதற்குப் பிறகு.

வண்டி போகாதவரை அப்பாவும் போகமாட்டார் என்று ஜெர்சன் அப்படியே நம்பினான். முட்டாள்தனம் என்று தெரியும். ஐந்து வருஷம் இரவு ஷிஃப்டில் அமெரிக்காக்காரர்களின் இன்ஷூரன்ஸ் புகார்களைக் கேட்டுவிட்டு, ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன் அவன். அந்த மூளை எதையும் நம்பும். எல்லாரும் தூங்கியதும் வேதவசன காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, மெல்லிய பட்டையாக மடித்தான். இஞ்சினின் பக்கத்தில் நிற்கும் டைமர் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரண்டு பாயின்ட்டுகளுக்கு நடுவில் செருகினான். பாயின்ட் தொடாவிட்டால் நெருப்புப் பொறி இல்லை. மூன்று பேர் வந்து உதைத்து, வியர்த்துப் போய்விட்டார்கள். இப்போது அக்டோபர். அப்பா இன்னும் இருந்தார்.

"டேய், அவருக்குத் தண்ணி குடுத்தியா?" அக்கா ஹெப்சி வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறாள். "கண்ணப் பாரு. வேலைய விட்டு வருஷமாவுது, இன்னும் எந்த நாட்டு டைம்ல இருக்க நீ?"

"உன் கிளாஸ் பசங்க பாவம்கா," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "காலையிலேருந்து மூச்சு வேற மாதிரி இருக்கு," என்றுவிட்டு உள்ளே போனாள்.

கிபாயத்துல்லா பெட்ரோல் குழாயைத் திறந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு உதைத்தார். ஏழு தடவை. பிறகு பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் படுக்கவைத்து மறுபடி உதைத்தார்.

"பொறியே இல்ல தம்பி. காயில் போயிருக்கும். நாளைக்கு வேற ஒண்ணு கொண்டாந்து பாக்குறேன்."

"சரி பாய். நாளைக்கே பாத்துக்கலாம்." நாளை என்ற சொல் ஜெர்சனின் வாயில் இனித்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் கிடந்தது. இரண்டு நாளாகப் பேசாத குரல், துரு உதிர்வதுபோல வந்தது.

"காயில் நல்லாதான் இருக்கு பாய். பாயின்ட்ட பாருங்க."

ஜெர்சன் தூணிலிருந்து நிமிர்ந்தான்.

கிபாயத்துல்லா டைமர் மூடியின் கிளிப்பைத் தள்ளினார். டக் என்றது. அமைதியான தெருவில் அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை ஜெர்சன் இப்போதுதான் கவனித்தான். ஜூலையிலும் இதே சத்தம்தான். இதே ஜன்னல்தான்.

அவர் இரண்டு விரலால் பட்டையை உருவிப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். ஜெர்சனைப் பார்த்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"என்ன பாய் இருந்துச்சு?" என்றார் அப்பா.

"அழுக்கு சார். தொடச்சிட்டேன்."

"ம். இருக்கும்."

கிபாயத்துல்லா தாளை நான்காக மடித்து ஜெர்சனின் சட்டைப் பையில் வைத்தார். "உள்ள போய் அப்பா பக்கத்துல இருப்பா," என்றார்.

ஜெர்சன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். ஹெப்சி அப்பாவின் கால்மாட்டில் இருந்தாள். வெளியே இரண்டு உதை வெறுமனே விழுந்தது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. போர்வையின் மேல் கிடந்த அப்பாவின் இடது கை எதையோ பற்றிக்கொண்டு மெல்ல உள்பக்கம் திரும்பியது. இஞ்சின் பிடித்ததும் பொறியை முன்னே தள்ளுகிற திருப்பு அது. இடது கைப்பிடியில் செய்ய வேண்டியது. வெளியே கிபாயத்துல்லாவும் அதையே செய்திருக்க வேண்டும். இரைச்சல் தணிந்து, ஒழுங்கான ஓட்டமாக மாறியது.

"எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்றார் அப்பா.

ஜெர்சன் ஜன்னல்வழியாகக் கையைக் காட்டினான். வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"ஒண்ணு," என்றார் அப்பா.

சத்தம் பிள்ளையார் கோயில் முனையில் மாறியது.

"ரெண்டு."

திருநீர்மலை ரோட்டில் ஏறியதும் அது இன்னொரு தடவை மாறி, இறுக்கம் விட்டு, நீளமாகப் போனது. ஜெர்சன் காத்திருந்தான். சத்தம் சிறுத்துக்கொண்டே போய், எங்கோ போகிற மின்சார ரயிலின் சத்தத்தோடு கலந்தது.

"மூணு," என்றான் ஜெர்சன்.

ஹெப்சி எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள்.

ஆறு மணிக்கு ஃப்ரீஸர் பெட்டி வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அழைப்புமணிகூட அடிக்காமல் கதவின் அகலத்தைக் கையால் அளந்தார்.

"உள்ள நொழையாது சார். இன்னா பண்ணலாம்? இங்க போர்ட்டிகோல இடம் காலியாதான கீது, இங்கியே வெச்சிரலாமா?"

"வைங்க."

"தரையெல்லாம் ஆயிலா கீதே. வண்டி எதுனா நின்னுகினு இருந்துச்சா?"

"ஆமா."

பெட்டியை வைத்து, அப்பாவைக் கிடத்தி, பிளக் சொருகினார்கள். அது உறுமத் தொடங்கியது. சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்து நாற்காலிகளைப் பிரித்துப் போட்டார்கள். ஹெப்சி யார் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. ஜெர்சன் சுவரோரம் பார்த்தான். வண்டியின் கீழே எப்போதும் வைத்திருக்கும் பிஸ்கெட் டின் மூடி அங்கே கிடந்தது. அதில் இன்று காலை சொட்டிய ஆயில் கொஞ்சம் மீதியிருந்தது.

அதைக் காலால் பெட்டிக்கு அடியில் தள்ளினான். சரியாக நிற்கவில்லை. குனிந்து, கையால் நகர்த்தி, சொட்டுக்கு நேராக வைத்தான்.