ஆலாவுக்குப் போர்த்திய பொன்னாடை

ஏற்காட்டில் கடல் இல்லை. ஆயினும் கடற்பறவை ஆர்வலர் சங்கம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவராக விடுதி உரிமையாளர் அண்ணாதுரையும் இருந்தார். கரையோர ஆய்வாளர்கள் கடற்பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். அத்தகைய பறவையைக் காணும் தன்னார்வலர் எண்ணைப் படித்து அனுப்பினால், அது சென்ற வழி தெரியவரும். மலைச் சங்கம் இதுவரை ஓர் எண்ணும் அனுப்பியதில்லை. இவ்வாண்டும் அனுப்பாவிட்டால் தன்னார்வலர் பட்டியலிலிருந்து சங்கத்தையே நீக்கிவிடுவதாக ஆய்வாளர் காயத்ரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கார்த்திகைப் புயல் கருணை காட்டியது. களைத்துப்போன ஆலா என்னும் கடற்பறவை ஒன்றை அது ஏரிப் படகுத்துறையில் இறக்கிவிட்டுப் போயிற்று. அதன் காலில் வளையம் மின்னியது. சங்கச் செயலாளர் சசிரேகா பறவையை ஆரஞ்சுக் கூடையில் வைத்து, எண்ணைப் படிக்கக் குனிந்தாள்.

"இரு கண்ணு!" என்று தடுத்தார் பொருளாளர் மாதையன். "தலைவர் வராம நம்பர் படிக்கலாமா? விருந்தாளி வர்றதுக்குள்ள நாமளே குத்துவிளக்கு ஏத்துனாப்புல ஆயிரும்."

"ஏனுங்க, பறந்து போயிட்டா?"

"நம்ம சங்கத்துக்கு வந்த மொதப் பறவை. மரியாதை வாங்காமப் போயிருமா?"

தலைவர் சேலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். அவர் பாயசம் முடித்து, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருவதற்குள் ஆலா இறகு உலர்ந்து தெம்படைந்தது. கதையில் வரும் பறவையாயின் தானே வாய் திறந்து எண்ணைச் சொல்லியிருக்கும். இதுவோ கடலில் வளர்ந்தது. சபை நடைமுறை அறியாதது.

வந்தவுடன் தலைவர் பொன்னாடையை விரித்து, பறவையைக் கழுத்து முதல் கால் வரை போர்த்தினார். பதாகையின் முன் படங்கள் எடுக்கப்பட்டன. பின்னர் உரை தொடங்கியது.

"மொதல்ல நம்பரப் பாத்தரலாமுங்க," என்றாள் சசிரேகா.

"நம்பரு எங்க கண்ணு ஓடப்போவுது? நொம்பப் பேசமாட்டேன், இரு."

நம்பர் ஓடவில்லை, பறந்தது. பொன்னாடையை உதறிய ஆலா, ஏரியின்மேல் ஒருமுறை வட்டமிட்டுக் கிழக்கு நோக்கிச் சென்றது.

படங்களைப் பார்த்த காயத்ரி தொலைபேசியில் அழைத்தார். "சரிகை இழை இழையாத் தெரியுது. தலைவர் கைமோதிரமும் தெரியுது. பறவையோட வளையத்தைத்தான் காணோம்."

சங்கத்தின் பெயர் நீக்கப்பட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. காரசாரமான விவாதத்துக்குப் பின், சசிரேகா நீங்கலாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: இனி வரும் பறவைகளுக்குக் கால் தெரியும்படி குட்டையான பொன்னாடையே போர்த்தப்படும்.