ஓட்டுகிறவள் சொன்ன நடுக்கம்

கேள்வி கேட்டது அவள். பதில் போனது அவள் கணவருக்கு. கார் சர்வீஸ் சென்டரின் வரவேற்பு மேசையில் காலை ஒன்பது மணியிலிருந்து இதுதான் நடந்துகொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷம் ஓடினதுக்கு அப்புறம், மேட்டில ஏறும்போது வண்டி நடுங்குது. இன்ஜின் கத்துது, ஆனா வேகம் ஏற மாட்டேங்குது," என்றாள் அவள். நான்கு மாதத்தில் இது மூன்றாவது முறை. அதே மேசை, அதே ஆள்.

மேசைக்குப் பின்னால், வருகிறவர்களின் குறையைக் கேட்டு எழுதும் அட்வைசர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர். பேச்சும் அப்படித்தான் வரும். அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த கணவரின் பக்கம் திரும்பினார். "சார், இது சி.வி.டி. வண்டி. மத்த வண்டி மாதிரி ஒண்ணு ரெண்டு மூணுன்னு கியர் கிடையாது. மிதிச்சா முதல்ல சத்தம் வரும், அப்புறம்தான் வேகம் வரும். மேடம் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் பொறுமையா மிதிச்சா சரியாப் போயிடும்."

"நானும் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்," என்றார் கணவர். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஸ்கூட்டரில்தான் போவார், வருவார். இந்தக் காரை மாதம் ஒருமுறை தொட்டால் அதிகம்.

"சத்தத்தைப் பத்தி நான் பேசவே இல்ல. நடுங்குதுன்னு சொல்றேன்," என்றாள். "அஞ்சு வருஷ வாரன்டி முடிய இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள சரியாப் பார்த்துடுங்க. மேட்டு ரோட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க."

"டெஸ்ட் டிரைவுக்குன்னு ஒரு ரூட் இருக்கு மேடம். அதுலதான் போவோம்."

அந்த ரூட் எது தெரியுமா? வாசலிலிருந்து நேராக இருக்கும் பெரிய சாலையில் போய், பெட்ரோல் பங்க்கைச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவது. பத்து நிமிடம். குண்டூசி அளவுக்குக்கூட மேடு கிடையாது. போய் வந்தார்கள். குறையும் வேலையும் பதியும் சர்வீஸ் கார்டில் எழுதினார்கள்: "ஓட்டும் முறை விளக்கப்பட்டது. குறை எதுவும் இல்லை. வாடிக்கையாளர் திருப்தி." அட்வைசர் கார்டையும் பேனாவையும் கணவரிடம் நீட்டினார். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வண்டி அவள் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது அவள், குறை சொன்னது அவள். திருப்தி மட்டும் அவருக்கு. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்று நாளுக்கு ஆறு வீடு, ஏழு வீடு. அவளுடைய இடது முழங்காலிலேயே ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கிளட்சை மிதித்து மிதித்துப் போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்தால், சாயங்காலம் கால் வீங்கிக்கொள்ளும். அதனால்தான் இந்த வண்டியை வாங்கினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், நாலரை வருடம் அது அவளைத் தாங்கியது. கிளட்ச் இல்லை, கியர் மாறும் குலுக்கல் இல்லை, பெட்ரோலும் குறைவாகக் குடித்தது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பினாலும் வழுக்கிக்கொண்டு போகும். "என் ரெண்டாவது முழங்கால்" என்று அதற்குப் பெயரே வைத்திருந்தாள்.

விற்றவர் இவ்வளவையும் சொன்னார். இதன் மறுபக்கத்தைச் சொல்லவில்லை. கியர் ஆயில் மாற்ற வேண்டுமா என்று அவள் கேட்டதற்கு, "இது ஆயுசுக்கும் மாத்த வேண்டாத ஆயில் மேடம்" என்றார். யாருடைய ஆயுசுக்கு என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

மூன்றாவது முறை வண்டியைத் திருப்பி எடுத்து வந்த நான்காம் நாள், மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்சீட்டில் ஒரு நோயாளிக்கான வாக்கர். அன்றைக்கு அது ஐந்தாவது வீடு, வண்டி நன்றாகச் சூடேறியிருந்தது. வளைவில் ஏறும்போது ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கை வரைக்கும் ஒரு நடுக்கம். மிதித்தாள். இன்ஜின் அலறியது, வண்டி மட்டும் தேய்ந்து தேய்ந்து நடை வேகத்துக்கு வந்தது. பின்னால் ஜல்லி ஏற்றிய லாரி. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அதன் முகப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. லாரிக்காரர் ஒரு கை அகலத்தில் ஒடித்துக்கொண்டு கடந்து போனார். போகிற போக்கில் ஜன்னல் வழியாக, "ஓட்டத் தெரியலன்னா வீட்டிலேயே இருக்கிறதுதானே" என்று ஒரு வார்த்தை வேறு.

அந்த வீட்டில் இருந்த பெரியவருக்குக் கையை மடக்கி நீட்டிவிட்டு, வண்டியை மெதுவாகவே ஓட்டித் திரும்பினாள்.

வீட்டில் சொன்னாள். கணவர் விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்னாடி லாரியைப் பார்த்ததும் பயந்து ஒரேயடியா மிதிச்சிருப்ப."

"லாரி வர்றதுக்கு முன்னாடியே நடுங்குச்சுங்க."

"மூணு தடவை பார்த்துட்டாங்களேம்மா. அவங்களைவிட உனக்குத் தெரியுமா?"

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவருக்குக் காது நன்றாகவே கேட்கும், அதுதான் எரிச்சல். மறுநாளிலிருந்து மேட்டுத் தெரு வீடுகளுக்கு ஆட்டோவில் போனாள். இரண்டு வீட்டுக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை. ஒரு வீட்டில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கணவரின் ஸ்கூட்டர் பஞ்சர். ஐந்து கட்டு விடைத்தாள்களை, நகரத்தின் மறுகோடியில் மேட்டில் இருக்கும் தேர்வு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அரைமணி நேரம் நெரிசல். அப்புறம் மேடு. பாதி ஏற்றத்தில் வண்டி நடுங்கியது. வாத்தியார் பொறுமையாகத்தான் மிதித்தார், சத்தியமாகப் பொறுமையாகத்தான் மிதித்தார். வண்டி கேட்கவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. தள்ளாடி ஓரத்தில் போய் நின்றது. பின்னால் இருபது வண்டிகளின் ஹாரன். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். அவர் கைப்பேசியை எடுத்தார்.

சர்வீஸ் சென்டருக்கு ஒரே ஒரு போன் செய்தார். முக்கால் மணி நேரத்தில் இழுவை வண்டி வந்துவிட்டது. அப்புறம்தான் அவளுக்குச் சொன்னார்.

அவள் ஆட்டோ பிடித்து சர்வீஸ் சென்டருக்கு வந்தபோது, வண்டியை லிஃப்டில் மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கீழே கியர்பாக்ஸ் பார்க்கும் பெரிய மெக்கானிக் நின்றிருந்தார். நரைத்த மீசை, மணிக்கட்டு வரை கருப்பு. இந்த நான்கு மாதத்தில் இவரை அவள் பார்ப்பது இதுதான் முதல் முறை. வடித்து எடுத்த ஆயில் ஒரு தட்டில் இருந்தது. கறுத்துப்போய், தீய்ந்த வாடை.

"எப்ப எப்ப நடுங்கும் சார்? எத்தனை நிமிஷம் கழிச்சு?" என்று மெக்கானிக் கணவரைக் கேட்டார்.

கணவர் விழித்தார். "இன்னைக்கு... மேட்டில..."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி வலியை எந்த வார்த்தையில் சொல்கிறாரோ, அதே வார்த்தையில் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் தொட்டுப் பார்ப்பது. அதே மாதிரி வண்டிக்கும் எழுதியிருந்தாள். தேதி, தெரு, கிளம்பி எத்தனை நிமிடம், எத்தனை வேகம், எத்தனை நொடி நடுங்கியது. பதினேழு பதிவுகள்.

மெக்கானிக் பக்கம் பக்கமாகப் படித்தார். "இது எங்கம்மா இருந்துச்சு இத்தனை நாளா?"

"மூணு தடவையும் மேசையில காட்டினேன். கார்டில எழுத இடம் இல்லன்னாங்க."

அவர் மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். "உள்ள ரெண்டு கப்பி இருக்கும்மா. நடுவில ஒரு இரும்புப் பெல்ட். கப்பி விரிஞ்சு சுருங்கும், அதுக்கேத்த மாதிரி வேகம் மாறும். அதான் குலுக்கலே இருக்காது. நல்ல சாமான்தான், உங்க காலுக்கு இதைவிட வேற கிடையாது. ஆனா சூடு தாங்காது. மேடு, நெரிசல்னு ஓடுற வண்டிக்கு நாப்பதாயிரம் கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணும், புத்தகத்திலேயே போட்டிருக்கு. அதுவும் இதுக்குன்னு இருக்கிற ஆயில்தான் ஊத்தணும். மாத்தலன்னா பெல்ட் வழுக்கும். வழுக்கினா நடுங்கும். சத்தம் வேற, நடுக்கம் வேற."

"இப்ப ஆயிலை மாத்தினாப் போதுமா?" என்றார் கணவர்.

"நாலு மாசத்துக்கு முன்னாடி இந்த நோட்டை என்கிட்ட காட்டியிருந்தா போதும் சார். இப்ப பெல்ட் கப்பியையே அறுத்திருச்சு, ஆயில்ல இரும்புத்தூள் வருது. மொத்தமா மாத்தணும். இதைப் பிரிச்சு வேலை பார்க்கிற ஆளும் ஊருக்கு ஒருத்தர் இருந்தா அதிகம்."

அட்வைசர் ஓடி வந்தார். "கவலைப்படாதீங்க சார். நீங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்றீங்க, அப்புறம் என்ன? இன்னைக்குத் தேதியில ஒரு புதுக் கார்டு போட்டுடறேன். வாரன்டி இன்னும் பதினோரு நாள் இருக்கு." பேனாவை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"அது செல்லாது," என்றார் மெக்கானிக். "கம்பெனிக்காரன் பழைய கார்டைத்தான் முதல்ல பார்ப்பான். மூணு தடவை 'ஓட்டும் முறை விளக்கப்பட்டது'ன்னு எழுதி, கீழே கையெழுத்தும் இருக்கு. ஓட்டினவங்க தப்புன்னு சொல்லிக் கையை விரிச்சிடுவான்."

கணவர் மூன்று கார்டுகளையும் வாங்கிப் பார்த்தார். இப்போதுதான் படிக்கிறார். குறை எதுவும் இல்லை, குறை எதுவும் இல்லை, குறை எதுவும் இல்லை. மூன்றிலும் அவருடைய அழகான வாத்தியார் கையெழுத்து.

"சார் நேர்ல அனுபவிச்சதை நான் போன்லயே பேசிப் புரிய வைக்கிறேன்," என்று இழுத்தார் அட்வைசர். "சார் சொன்னா அவங்க கேட்பாங்க."

அவளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நான் நாலு மாசமா சொன்னது வெறும் பேச்சு. அவர் ஒரே ஒரு நாள் ஓட்டினது ஆதாரமா? என்கிட்ட ஒரு அம்மா தோள் வலிக்குதுன்னு வந்தா, உங்க வீட்டுக்காரருக்கும் வலிக்குதான்னு பார்த்துட்டு வாங்கன்னு நான் சொல்றதில்ல. வலிக்கிறவங்ககிட்டதான் கேட்பேன். பழைய கார்டுல நான் சொன்னதை எழுதாம விட்டோம்னு எழுதிக் குடுங்க. மூணுத்துக்கும்."

"அப்படி எழுதினா என் வேலைக்கே..." என்றார் அட்வைசர். சட்டை மடிப்பு முதல் முறையாகக் கலைந்திருந்தது.

"அன்னைக்கு லாரி என் மேல ஏறியிருந்தா?"

கணவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கினார். எழுதினார்: வண்டியை ஓட்டுவது என் மனைவி. அவர் மூன்று முறையும் நடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். அவரைக் கேட்காமல், படிக்காமல், நான் கையெழுத்திட்டேன். அது என் தவறு. எழுதி முடித்து மேசையில் வைத்துவிட்டு அட்வைசரைப் பார்த்தார். "என் மானம் போனாப் போகுது. நீங்களும் எழுதுங்க."

மெக்கானிக் யாரும் கேட்காமலே தன் பங்குக்கு இரண்டு வரி எழுதி, நோட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேர்த்தார். அதற்கு மேல் அட்வைசருக்கு வழியில்லை. எழுதினார். பிறகு கம்ப்யூட்டர் திரையை முதல் முறையாக அவள் பக்கம் திருப்பி வைத்தார். "சொல்லுங்க மேடம், என்ன குறை? நீங்க சொல்ற மாதிரியே டைப் பண்றேன்."

சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் ஏறியது. கார்டு அச்சாகி வந்ததும், பழக்க தோஷத்தில் அதை மறுபடி கணவரிடமே நீட்டினார் அட்வைசர். கணவர் அதை வாங்கி அவள் முன்னால் வைத்தார். "இனிமே நீ சொன்னா நம்பறேம்மா," என்றார் தாழ்ந்த குரலில்.

அவள் முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"வண்டி நின்ன பிறகு நம்பி என்னங்க பிரயோஜனம்? சொல்றது யாருன்னு பார்க்காம, என்ன சொல்றாங்கன்னு முதல் தடவையே காது குடுத்திருந்தா, ஒரு டப்பா ஆயிலோட போயிருக்கும்."