நாற்காலிப் பத்தி

என் நாவலைப் போடுகிறோம் என்று போன் வந்தபோது, நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் மெஷினை நிறுத்தினால் லென்ஸ் வீண். நிறுத்தினேன்.

"சார், முழுசாப் படிச்சேன்," என்றார் பதிப்பாசிரியர் அம்மா. "நடுவுல நாலஞ்சு இடம் இழுக்குது, வெட்டிடலாம். ஆனா அந்த நாற்காலிப் பத்தி இருக்கே, அதைப் படிச்சிட்டு எழுந்து போய்த் தண்ணி குடிச்சேன். அதுக்காகவே போடறோம்னு வெச்சுக்கங்களேன்."

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவனிடம் ஒரு பத்திக்காகப் போடுகிறோம் என்றால் சுருக்கென்று இருக்காதா? இருந்தது. ஆனாலும் தலைகால் புரியவில்லை. பதினேழு வருஷத்தில் இது மூன்றாவது நாவல். முதல் இரண்டும் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. அங்கேயே கிடக்கட்டும்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கவுன்டரில் உட்காரும் அக்காவிடம் சொன்னேன். கடையில் எனக்கு 'நாவல்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தான். 'நாவலு, ரெண்டு ரீடிங் கிளாஸ் வந்திருக்கு' என்றுதான் கூப்பிடுவார்.

"சினிமாவா எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுக்கா."

"எடுத்தா சொல்லு, பார்க்கறேன். படிக்கவெல்லாம் நமக்குப் பொறுமை ஏது," என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரிடம் திரும்பினார். அவ்வளவுதான் என் வெற்றி விழா. போய் மெஷினைப் போட்டேன்.

என் நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது விளங்கும். காலையில் ஐந்து மணிக்கு எழுவேன். ஏழரை வரை எழுத்து. மேஜை ஜன்னலைப் பார்த்து இருந்தால் வேடிக்கை பார்த்தே பொழுது போகிறது என்று சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது படிப்பு, மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பு, சாயங்காலம் நூலகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க எழுத்து. இருபத்தைந்து வயதில் போட்ட சட்டம் இது. கல்யாண வீடு, காது குத்து, நண்பன் வந்திருக்கிறான், எதற்கும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்ததில்லை. நாளடைவில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். எனக்குப் பெண் பார்த்தபோது அந்த வீட்டில் இந்தச் சட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன். பேச்சு அதோடு நின்றது.

இன்னொரு பழக்கம்தான் இந்தக் கதையின் வில்லன். படிக்கும் புத்தகத்தில் ஒரு வரி பிடித்துவிட்டால் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். நீள நோட்டு, மொத்தம் பதினொன்று. எந்தப் புத்தகம், யார் எழுதியது என்று குறிக்க மாட்டேன். பெயரைப் பார்த்தால் பயம் வந்துவிடும், வரி மட்டும் போதும் என்பது அப்போதைய என் மேதாவித்தனம். அது போதாதென்று நானாக யோசித்த வரிகளையும் அதே பக்கங்களில், நடுநடுவே எழுதினேன். பெரியவர்கள் கூட்டத்தில் நிற்கவைத்தால் என் வரியும் ஆளாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

போன் வந்து பத்து நாளில் தபாலில் ஒரு படிவம் வந்தது. 'இந்நூல் முழுவதும் என் சொந்த எழுத்து என உறுதி கூறுகிறேன்.' கீழே கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. எல்லோருக்கும் அனுப்புவதுதான். பேனாவைத் திறந்தேன். நாற்காலிப் பத்தி நினைவுக்கு வந்தது. பேனாவை மூடினேன்.

அந்தப் பத்தி இதுதான். நாவலில் வேலை மாற்றலாகி வந்த ஒரு பெண் சொல்வதாக வருகிறது:

'இங்கே யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. யாரும் என்னைத் திட்டுவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்து நாற்காலியை எடுத்துப் போக வருகிறவர்கள், இதில் யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். இல்லை என்று தினமும் நானே என் வாயால் சொல்கிறேன். ஒருநாளாவது, இருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று பொய் சொல்லிவிடலாமா என்று இருக்கிறது.'

இதை நான் நான்காவது நோட்டிலிருந்து எடுத்தேன். எடுத்தபோது என் சொந்த வரி என்றுதான் நினைத்தேன். இப்போது நோட்டைப் புரட்டினால், மேலே இருப்பது எவரோ எழுதியது, கீழே இருப்பது நிச்சயமாக நான் எழுதியது (அவ்வளவு மோசம்). நடுவில் இது. நான் எழுதியதா? நானா இதை எழுதினேன்? என்னை எனக்குத் தெரியும். நான் எழுதியிருந்தால் அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடியிருக்கும், அதைப் பற்றி அரைப் பக்கம் புலம்பியிருப்பேன்.

வேறொருவருடைய பத்தி என் பெயரில் அச்சாகி, எவனாவது ஒரு வாசகன் கண்டுபிடித்து எழுதினால் பதினேழு வருஷமும் போச்சு. நீக்கிவிடலாம் என்றால், அதற்காகத்தானே போடுகிறார்கள்! பதிப்பாசிரியரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். திருத்தம் என்று பொய் சொன்னேன்.

நான்காவது நோட்டு என் இருபத்தாறாவது வயதில் எழுதியது. அந்த வருஷம் படித்த புத்தகங்களை நினைவிலிருந்து பட்டியல் போட்டேன். ஐம்பத்து மூன்று வந்தது. ஒவ்வொன்றாக நூலகத்தில் எடுத்துச் சல்லடை போட்டேன். ஒரு காலத்தில் என்னை அழவைத்த புத்தகங்கள் அவை. இப்போது எந்தப் பக்கத்தில் நாற்காலி வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நாவலில் கதாநாயகன் சாகிற இடத்தைத் தாண்டிப் போனது கூடத் தெரியவில்லை. எழுத்தை இதைவிடக் கேவலமாகப் படிக்க முடியாது. நாற்காலிகள் நிறைய வந்தன. என் நாற்காலி வரவில்லை.

இருபத்தாறு நாள் இப்படிப் போனது. காலை எழுத்தும் நின்றுவிட்டது. கடையில் ஒரு அம்மாளுக்கு இடது லென்ஸை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன், அவர் தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்தார். "நாவலு, புத்தகம் வர்றதுக்குள்ள நாலு பேர் கண்ணைப் பிடுங்கிடுவே போல," என்றார் கவுன்டர் அக்கா. இந்த மண்டைக் குடைச்சலைச் சொல்லி அழ ஒரு ஆள் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. போன் புத்தகத்தில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். கேஸ் கம்பெனி, பல் டாக்டர், வீட்டு ஓனர், நூலகம், தங்கை.

எனக்கு இருப்பது ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருஷம் போனபிறகு வீட்டைக் காலி செய்தோம். நான் இந்த அறைக்கு வந்தேன், அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனாள். இப்போது கணக்கு டீச்சர். புருஷன், இரண்டு பிள்ளைகள், மாமியார், மாமனார் என்று வீடு நிறைய ஆட்கள். மாதம் ஒருமுறை போனில் பேசுவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, இருக்கு. அதற்குமேல் போகாது. போன முறை மட்டும் நாவல் வருகிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னேன். ஆனால் ஹாஸ்டல் நாட்களில் லீவுக்கு வந்தால், என் அறையில் கிடக்கும் புத்தகத்தையெல்லாம் இரண்டே நாளில் தின்றுவிட்டுப் போவாள். ஞாபக சக்தியும் அதிகம். அவளைக் கேட்டால் தெரியலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் கூப்பிட்டேன். பின்னால் குக்கர் விசில், பிள்ளைகள் சண்டை, டிவி.

"என்னண்ணா, மாசம் இன்னும் முடியலையே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா. ஒரு சந்தேகம். ஒரு பத்தி படிக்கிறேன், இது எந்தப் புத்தகத்துல வருதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா பாரு. நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ படிச்சது."

"நாவல் வருதுன்னு சொன்னியே, அதுக்கா? சரி, படி."

படித்தேன். முடித்ததும் அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. அவள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"இது புத்தகத்துல வரலண்ணா."

"நல்லா யோசிச்சுப் பாரு. அந்த மொழிபெயர்ப்பு நாவல் ஒண்ணு, பச்சை அட்டை…"

"நான் எழுதினது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சிரித்துக்கூட வைத்தேன்.

"நீ எங்கே எழுதினே?"

"உனக்கு எழுதின லெட்டர்ல. ஹாஸ்டல்ல சேர்ந்த ரெண்டாவது மாசம். மெஸ்ல உக்காந்து எழுதினேன்." அவள் குரலில் கோபம் இல்லை. வகுப்பில் விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அதுக்கு அடுத்த வரி என்னன்னு தெரியுமா?"

"இல்லம்மா. இது வரைக்கும்தான் நோட்டுல இருக்கு."

"'இந்த ஞாயித்துக்கிழமையாவது வந்துட்டுப் போண்ணா.' அதுதான் அடுத்த வரி. அதை நீ எடுத்துக்கல போல."

கடிதம் வந்த நாள் இப்போது துல்லியமாக நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். 'அடேயப்பா, என்னமா எழுதியிருக்கா' என்று வாய்விட்டுச் சொன்னேன். உடனே உட்கார்ந்து, அந்தப் பத்தியை மட்டும் ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதினேன். அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது. அவள் கஷ்டப்படுகிறாள் என்பது என் தலையில் ஏறவே இல்லை. ஹாஸ்டல் இரண்டு மணி நேர பஸ் பயணம். நான் அப்போது முதல் நாவலில் இருந்தேன்.

"எத்தனை ஞாயிறு பார்த்தே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"விடுண்ணா. அதெல்லாம் பழங்கதை."

"இல்ல, சொல்லு."

"ஒரு டெர்ம் முழுக்கப் பார்த்தேன். விசிட்டர் ரூம்ல தலை வாரிட்டு வந்து உக்காருவேன். அப்புறம் வாட்ச்மேனே சொல்லிட்டாரு, உங்க அண்ணனுக்கு வேலை இருக்கும்மா, நீ போய்ச் சாப்பிடுன்னு."

"நான் அந்தப் பத்தியை எடுத்துடறேன்," என்றேன். "புத்தகம் வராட்டியும் பரவாயில்ல."

"எதுக்கு எடுக்கணும்?" இப்போதுதான் முதல்முறையாக அவள் குரல் இளகியது. "நான் இப்ப அப்படியா இருக்கேன்? இந்த வீட்டுல தனியா ஒரு நாற்காலியில உக்கார முடியுதா சொல்லு. அதுக்கும் சண்டை. எனக்கு அது இப்ப தேவையில்லண்ணா. உனக்குத்தான் சரியா இருக்கும். நீயே வெச்சுக்கோ."

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, இவன் அடிக்கிறான்!" என்று ஒரு குரல். "வர்றேன், வர்றேன். அண்ணா, வெச்சுடட்டா? நேரத்துக்குச் சாப்பிடு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம். அவள் திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், எழுத்தாளன் அது இது என்று. அவள் கொடுத்துவிட்டாள். கொடுத்த பத்தியும் எனக்கே அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்குள் பதிப்பாசிரியரை நானே கூப்பிட்டேன். படிவம் கையெழுத்தில்லாமல் மடியில் இருந்தது.

"மேடம், அந்த நாற்காலிப் பத்தி என்னோடது இல்ல. என் தங்கச்சி எழுதினது."

"அட, அவங்களும் எழுதறவங்களா? சொல்லவே இல்லையே!"

"இல்ல மேடம், கணக்கு டீச்சர். ஹாஸ்டல்ல இருந்தப்போ எனக்குப் போட்ட லெட்டர்ல இருந்தது. நான் என்னோடதுன்னு நினைச்சு எடுத்துட்டேன்."

புத்தகம் இல்லை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் யோசித்தார். பேசியபோது குரலில் உற்சாகம் பொங்கியது.

"அவங்க சம்மதம் எழுதிக் கொடுத்தாப் போதும் சார், முன்னாடி ஒரு நன்றி போட்டுடலாம். அது இல்ல விஷயம். லெட்டரா! அப்ப லெட்டராவே வெச்சுடலாமே? அந்தப் பொண்ணு ஊர்ல இருக்கிற அண்ணனுக்கு எழுதறா. அதுக்குக் கீழயே அண்ணனோட பதில். எப்படி இருக்கும் பாருங்க! நீங்க போட்ட பதில் தங்கச்சிகிட்ட இருக்கும்ல? வாங்கி அனுப்புங்க, அப்படியே சேர்த்துக்கலாம்."

"அவகிட்ட இருக்காது மேடம்."

"ஏன் சார், தொலைச்சிட்டாங்களா?"

"இல்ல," என்றேன். "நான் பதில் எழுதல."