ரபீக்கா நின்ற ஒரே படம்

"கப்பல் ஆருக்கு வேணும்? உம்மாட மொகத்தக் கொண்டு வாங்க," என்றாள் றிஷானா.

ரிஸ்லா மடிக்கணினியில், படத்தின் மிகை வெளிச்சத்தைக் குறைக்கும் ஹைலைட் கோட்டை இன்னும் இடப்பக்கம் இழுத்தாள். வெறும் வெள்ளையாக இருந்த படத்தில் துறைமுகத்து நீர் மெல்ல ஊறியது. நீரின் மேல் சாம்பல் நிறக் கப்பலொன்று, யாரோ நினைத்துப் பார்த்ததால் வந்ததுபோல், நின்றது.

போன வாரம் றிஷானாவின் கல்யாணம். பெண்கள் பக்கத்துப் படங்களை எடுக்க வந்த ரிஸ்லா, மணப்பெண் அறையின் மங்கலுக்குக் கமராவில் வைத்த அளவுகளை மாற்ற மறந்து, முற்றத்து வெயிலில் உம்மாவையும் மகளையும் ஒரு படம் எடுத்துவிட்டாள். அடுத்த படம் எடுப்பதற்குள் றிஷானாவின் உம்மா ரபீக்கா உள்ளே போய்விட்டார்.

"ஸ்டூடியோ ஜவ்பர் நானாட்டக் குடுத்தா ரெண்டு நிமிசத்துல செய்வாராமே?" என்றாள் றிஷானா.

"ஆம்பிளைக்குக் காட்ட மாட்டன் எண்டு ஒங்கட உம்மாக்குத்தான் சொன்னனான். நீங்களும் பக்கத்துல நிண்டனீங்க."

திரையில் றிஷானாவின் சிரிப்பு வந்தது. அவள் தோளில் உம்மாவின் கை, நரம்புகளோடு வந்தது. அதற்கு மேலே, முகம் இருக்கவேண்டிய இடத்தில், பகல் மட்டுமே இருந்தது.

"இருட்டா எடுபட்டிருந்தா தோண்டி எடுக்கலாம். வெள்ளையாப் போன இதுக்குள்ள ஒண்டும் இல்ல," என்றாள் ரிஸ்லா. "வேற படம் தாங்க, மொகத்த எடுத்து ஒட்டிப் பார்ப்பம்."

"அடையாள அட்டைப் படந்தான் இரிக்கு. அதுல பொலிஸ் புடிச்ச ஆள் மாதிரி. படம் புடிக்க போனத் தூக்கினாலே உம்மா மொகத்த முந்தானையால மூடுவா. அண்டைக்கு நான் அழுததாலதான் நிண்டவ." றிஷானா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளண்டைக்கு நான் கட்டாருக்குப் போயிருவன், ரிஸ்லா."

குசினியிலிருந்து மாசிக் கருவாடு வறுபடும் வாசம் வந்தது. ரிஸ்லா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். ரபீக்கா அகப்பையோடு குனிந்து, தன் முகமில்லாத உருவத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தானே இரிக்கு," என்றார். "இப்பிடியே இரிக்கட்டும்."

வாசலுக்கு அப்பால் வெயில் சரிந்து, துறைமுகம் தேன் நிறத்தில் கிடந்தது. ரிஸ்லா கமராவை எடுத்து, இந்தத் தடவை மறக்காமல், அந்த வெளிச்சத்துக்கு அளவுகளை மாற்றினாள்.

"மாமி, ஒருக்கா முற்றத்துக்கு வந்து, மகள்ட தோளில அந்தக் கைய வைப்பீங்களா?"