வாசல் இருமல்

ஒரு ஆளுக்குப் பாட்டு பிடித்திருக்கிறதா என்று மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள இந்தக் காலத்தில் யாருக்கும் துப்பில்லை. அதற்கும் ஒரு மிஷின், மிஷினைப் பார்க்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு ஏசி ரூம். தகரப் பட்டறைக்காரர் வழிநெடுக மகளிடம் இதையே பொருமிக்கொண்டு வந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவியின் முகத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலியில் இருந்தவளுக்கு வயர்கள் தொங்கும் தொப்பியை மாட்டி, முடிக்குள் ஏதோ பசையை வைத்தாள் மிஷின்காரப் பெண்.

“ஏம்மா, இது பேனுக்கா?”

“சிக்னலுக்குங்கய்யா. மனசுக்கு இதமா இருந்தா இந்தப் பச்சைக்கோடு ஏறும். எந்த வாத்தியத்துக்கு ஏறுதோ அதையே வீட்ல போட்டுவிடலாம். அம்மாவுக்கு எது பிடிக்கும்?”

“இவளா? பாட்டே கேக்க மாட்டா.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மத்தளத்துக்குக் கோடு படுத்தே கிடந்தது. புல்லாங்குழலுக்கும் அப்படித்தான். வயலின் ஆரம்பித்ததும் மெல்லத் தலைதூக்கி, ஏறிக்கொண்டே போனது. அவர் கோட்டைப் பார்க்க முன்னால் குனிந்தார். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில் இருமுவாரே, அந்த இருமல் வந்தது. கோடு பொத்தென்று விழுந்தது.

“திடீர்னு சத்தம் வந்தா யாருக்கும் இப்படித்தாங்கய்யா.”

அவர் எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. மறுபடி வயலினைப் போடச் சொன்னார். கோடு ஏறியதும் மகளைப் பார்த்து, “நீ இருமு” என்றார். இருமினாள். கோடு அசையவில்லை. பிறகு அவர் இருமினார். விழுந்தது.

மகள்தான் பேசினாள். “ரேடியோ பாடுனா, பட்டறைச் சத்தம் பத்தாதான்னு கத்துவீங்கல்லப்பா. வாசல்ல உங்க இருமல் கேட்டாலே அம்மா ரேடியோவ அமத்திடுவாங்க.”

“எப்பலேந்து?”

“எனக்கு நெனவு தெரிஞ்சதுலேந்து.”

நாற்காலிக்கு எதிரே போய் நின்றார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி.” அந்த முகம் அப்படியே இருந்தது. கோட்டைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“உங்க மிஷின் கோளாறும்மா. கழட்டிப் பாரு, எங்கயாவது வயரு விட்டிருக்கும்” என்று கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் வயலின் மறுபடி தொடங்கியது. தாழ்வாரத்தில் பாதி தூரம் போவதற்குள் இருமல் முட்டிக்கொண்டு வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க, தோள் குலுங்கக் குலுங்க, தெரு வரைக்கும் சத்தமில்லாமல் நடந்தார்.